படுக்கை ஒன்று

செப்டம்பர் 9, செவ்வாய்

காலையில் சந்தைப்பேட்டை ஓட்டலில் கெட்டுப்போன கோழிக்கறி பிடித்தோம். "நேத்து அடுச்சதுங்க சார்" என்றார் முதலாளி. நேற்று அல்ல, போன வாரம் என்று கறியே சொன்னது. பினாயில் ஊற்றிப் புதைத்தோம். மாலைக்குள் அந்த ஓட்டலில் வழக்கம்போலக் கூட்டம். செங்காட்டுப்பாளையத்து மக்களின் வயிற்றைக் காப்பதற்காக அரசு எனக்குச் சம்பளம் கொடுக்கிறது. மக்களுக்கு அதில் அக்கறை இல்லை.

மதியம் தாராபுரம் சாலையில் ஜெசிந்தாவின் அழகு நிலையம். புதிதாக ஓர் இயந்திரம் வாங்கியிருப்பதாகவும் அதை உரிமத்தில் சேர்க்க வேண்டும் என்றும் மனு. சுகாதார ஆய்வாளர் நேரில் பார்த்து எழுத வேண்டும். போனேன்.

பின் அறையில் ஒரு பெரிய பெட்டி. மூடியைத் தூக்கினால் கீழேயும் மேலேயும் வரிசையாகக் குழல் விளக்குகள். ஆள் நடுவில் படுத்து மூடியை இறக்கிக்கொள்ள வேண்டும். கண்ணுக்கு இரண்டு சின்னக் கறுப்புக் கிண்ணங்கள், ரப்பர் நாடாவில் கோர்த்தவை. கோவளத்தில் மூடிவிட்ட ஏதோ ஓட்டலின் ஏலத்தில் வாங்கினாராம். பக்கவாட்டில் ஜெர்மன் எழுத்தில் எச்சரிக்கைத் தாள், பாதி கிழிந்திருந்தது.

"இது என்னம்மா, பொணம் வைக்கிற பெட்டியாட்ட?"

"சன்பெட்டுங்க சார். வெள்ளக்காரங்க இதுல படுத்துத்தான் கலர் ஆவாங்க."

"என்ன கலரு?"

"டேன்னு சொல்லுவாங்க."

"அப்படின்னா?"

கொஞ்சம் தயங்கினார். "மாநிறமுங்க. இன்னுங் கொஞ்சம் இருந்தா, கறுப்பு."

முன் அறையில் ஐந்து பெண்கள் முகம் வெளுக்க மாவு பூசி உட்கார்ந்திருந்தார்கள். பின் அறையில் கறுப்பதற்கு இயந்திரம். சிரிப்பை அடக்க முடியவில்லை. கல்யாணப் பத்திரிகைக்கு முன்னால் கிரீம் டப்பா வாங்கும் இந்த ஊரில் கறுப்பாவதற்கு எந்த முட்டாள் காசு கொடுப்பான்? விரிப்பு சுத்தம், காற்றோட்டம் உண்டு, கழிப்பறை உண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

செப்டம்பர் 12, வெள்ளி

உரிமப் பிரிவு எழுத்தர் மோகனசுந்தரம் பட்டப்படிப்பு படித்தவர். கணினியில் உரிம வகைகளின் பட்டியல் வரும். அதில் சன்பெட் இல்லை.

"சன்பெட்டுன்னா என்னங்க சார்?"

"சன்னுன்னா சூரியன், பெட்டுன்னா படுக்கை. போட்டுக்குங்க."

விளையாட்டாகச் சொன்னேன். அவர் தேடிப் பார்த்து, 'படுக்கை' என்ற சொல் வருகிற ஒரே வகையைப் பிடித்துவிட்டார். தங்கும் விடுதி. படுக்கைகளின் எண்ணிக்கை: ஒன்று. உரிமம் அச்சாகி முத்திரையும் விழுந்துவிட்டது. ஜெசிந்தா இப்போது நகராட்சி அங்கீகாரம் பெற்ற லாட்ஜ்காரி.

சாப்பிடும்போது இதை வீட்டில் சொன்னேன். மனைவி தெய்வானை சிரித்தாள். மகள் கலா சிரிக்கவில்லை.

"அது எந்த பார்லருங்கப்பா?"

சொன்னேன்.

"லைசென்ஸ் இருக்குதுங்களா அதுக்கு?"

"நானே கையெழுத்துப் போட்டிருக்கறன் கண்ணு. கவர்மெண்டே மெச்சின கட்டில் அது."

அதற்கும் சிரிக்கவில்லை. இருபத்தாறு வயதில் ஒரு நகைச்சுவை புரியாத பெண்ணைப் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் சொல்லித்தர வைத்திருக்கிறார்கள்.

செப்டம்பர் 21, ஞாயிறு

கலாவைப் பெண் பார்க்கப் பெருந்துறைக்காரர்கள் வந்தார்கள். பையன் ஹரிபிரசாத், ஏற்றுமதிக் கம்பெனியில் வேலை. பையனின் அப்பா எங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் கொள்ளளவைக் கேட்டார். பையனின் அத்தை கலாவின் கால் விரல்களைக்கூட எண்ணியிருப்பார். வடையைப் பிட்டு உள்ளே விரலை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் வாயில் போட்டார். எனக்குப் பிடித்துப் போயிற்று, சோதனை என்றால் இப்படித்தான் செய்ய வேண்டும்.

கலா கழுத்து மூடிய ரவிக்கையில் நின்றாள். அத்தை அதைப் பார்த்து, "இந்தக் காலத்துல இப்படி அடக்கமா யாருங்க தெக்கறாங்க" என்று பாராட்டினார். தெய்வானை என் பக்கம் திரும்பவில்லை.

அது கலா கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கும்போது தொடங்கியது. பின்கழுத்தில் உள்ளங்கை அளவு வெளுப்பு, காறை எலும்பின் மேல் ஒரு காசு அளவு. எண்ணெய், களிம்பு, கேரளத்து மருந்து எல்லாம் பார்த்து விட்டுவிட்டோம். பரவவும் இல்லை, போகவும் இல்லை. அதன் பெயரை இந்த வீட்டில் யாரும் சொல்லக் கூடாது என்பது என் உத்தரவு. ஊர் அதற்குக் குஷ்டம் என்ற சொல்லை ஒட்டிவைத்திருக்கிறது. நோய் எது, நிறம் எது என்று தெரியாத ஊர்.

மாப்பிள்ளை வீட்டில் கேட்கவில்லை. கேட்காததற்குப் பதில் சொல்வது என் வேலை இல்லை. நவம்பர் 9 ஞாயிற்றுக்கிழமை உப்பு சர்க்கரை மாற்றி நிச்சயம் செய்துகொள்வது, தையில் கல்யாணம்.

செப்டம்பர் 30, செவ்வாய்

வார்டு மூன்றில் நாய் பிடித்தார்கள். பிடித்த நாய்களை விடுவிக்கச் சொல்லிக் கவுன்சிலர் வந்தார். இதே கவுன்சிலர்தான் பிடிக்கச் சொல்லி மனு கொடுத்தவர்.

திரும்பும்போது ஜெசிந்தா கடை வாசலில் நான்கு வண்டிகள். முகத்தைத் துப்பட்டாவால் சுற்றிக்கொண்டு ஒரு பெண் உள்ளே போனாள், கூடவே அம்மா. பின்னாலேயே முழுக்கைச் சட்டை, கையுறையோடு ஒரு பையன். இந்த வெயிலில் கையுறை. கறுப்பதற்கு ஆள் வருகிறது. யார் என்று எனக்குப் பிடிபடவில்லை. ஜிம் பையன்களாக இருக்கலாம். மேடையில் உடம்பைக் காட்டுவதற்குக் கறுப்பு பூசிக்கொள்பவர்கள் அவர்கள். மூளையைக் காட்டச் சொன்னால் எதைப் பூசுவார்களோ.

அக்டோபர் 8, புதன்

மோட்டார் பழுது. ஆள் வந்து பார்த்துவிட்டு வால்வைக் கழற்றிக்கொண்டு போனான், இன்னும் வரவில்லை.

கலாவுக்குப் பள்ளியில் விளையாட்டு விழா ஒத்திகை போலிருக்கிறது, முகம் கறுத்துவிட்டது. கண்ணைச் சுற்றி மட்டும் வட்டமாக வெளுப்பு. தூங்குவதில்லை. கணினித் திரையைப் பார்த்துப் பார்த்து வருவது என்று சொன்னேன். "ஆமாங்கப்பா" என்றாள். கல்யாணப் பெண்ணை வெயிலில் நிறுத்துகிற தலைமையாசிரியைக்குக் கொஞ்சமாவது புத்தி இருக்க வேண்டும். கற்றாழையை வேரோடு பிடுங்கி வந்து தெய்வானை சமையலறையில் வைத்திருக்கிறாள். வீட்டில் தேங்காயெண்ணெயும் சீக்கிரம் தீர்கிறது.

அக்டோபர் 14, செவ்வாய்

வீடியோவில் பெருந்துறை அத்தை. "பொண்ணு கறுத்துட்டாப்ல இருக்குதுங்களே" என்றார். போனின் கேமரா சரியில்லை என்று தெய்வானை சொன்னாள். அத்தை வேறு போனிலிருந்து மறுபடி கூப்பிட்டார். வடையில் விட்ட விரலைப் போனிலும் விடுகிறார்.

அக்டோபர் 17, வெள்ளி

அரசு மருத்துவமனைத் தோல் பிரிவு மருத்துவர் ஃபாத்திமா பர்வீன் நகராட்சி ஆணையருக்குப் போன் செய்ய, ஆணையர் என்னை அனுப்பினார். வார்டில் ஒரு பெண், நூல் மில்லில் வேலை, பெயர் மல்லிகேஸ்வரி. வயிறும் இரண்டு கைகளும் கொப்புளம். கொதிக்கிற எண்ணெய் கொட்டியதா என்று கேட்டேன். மருத்துவர் என்னை வெளியே கூட்டிவந்தார்.

"ஜெசிந்தா பார்லர்ல ஒரு மெஷின் இருக்கு, தெரியுமா?"

"தெரியுங்க மேடம். கறுப்பாகறதுக்கு."

"யாருக்குக் கறுப்பாகணும்?"

ஜிம் பையன்களைச் சொன்னேன்.

"வெண்புள்ளி இருக்கறவங்களுக்கு சார். வெள்ளையா இருக்கற இடம் கறுக்கும்னு ஜெர்மன் லைட்டுன்னு விக்கிறாங்க. எங்ககிட்டயும் லைட் இருக்கு. அது வேற கதிர், அளந்து, நேரம் வச்சு, தோலப் பாத்துப் பாத்துக் குடுக்கறது. அந்தப் பெட்டி வெள்ளத் தோலப் பழுப்பாக்கச் செஞ்சது. வெண்புள்ளில நிறமே கிடையாது. குடை இல்லாத தலை மாதிரி. அங்கதான் மொதல்ல வேகும். சுத்தி இருக்கற நல்ல தோல் கறுக்கும். அப்ப வெள்ளை என்னாகும்?"

"இன்னும் எடுப்பாத் தெரியுங்க."

"மறைக்கப் போறாங்க, ஊருக்கே தெரியற மாதிரி ஆயிட்டு வராங்க. நாளாக ஆகக் கண்ணுக்கும் கெடுதல், தோல்ல புத்துநோய்க்கும் வழி. பல நாடுகள்ல பதினெட்டு வயசுக்குக் கீழ விட்டாலே குத்தம். சில நாட்டுல கடையே நடத்த முடியாது. இங்க கேட்டா, நகராட்சி லைசென்ஸ் மாட்டி வச்சிருக்காங்களாம்."

அந்த உரிமத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. மல்லிகேஸ்வரியிடம் புகார் எழுதித் தரச் சொன்னேன். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். வீட்டுக்காரருக்கே தெரியாதாம். எண்ணெய் கொட்டியதாகவே எழுதிக்கொள்ளச் சொன்னாள். வயிறு வெந்த பிறகும் ஊருக்குப் பயப்படுகிற ஜனம். இவர்களுக்குச் சட்டம் எதற்கு?

அக்டோபர் 18, சனி

சட்டத்தைத் தேடிப் புறப்பட்டேன். மருந்து ஆய்வாளர், "இது மருந்து இல்லீங்களே, விழுங்கறாங்களா?" என்றார். மருத்துவமனைகளுக்கு அனுமதி தரும் அலுவலகத்தில், மருத்துவம் பார்ப்பதாகப் பலகை வைத்தால் சொல்லுங்கள் என்றார்கள். பலகையில் 'பியூட்டி' என்றுதான் இருக்கிறது. மின்வாரியத்தில் வணிக இணைப்பு சரியாக இருக்கிறது, நல்ல வாடிக்கையாளர் என்றார்கள். தொழிலாளர் துறையில் மேசை இருந்தது, ஆள் இல்லை.

கண்ணாடி உடைந்த கடைக்கு அபராதம் போட ஐந்து சட்டம் இருக்கிறது. மனிதனை மேலும் கீழும் சுட்டு எடுக்கிற பெட்டிக்கு ஒன்றும் இல்லை. சட்டம் எழுதியவர்களுக்கும் என்னைப் போலத்தான் தோன்றியிருக்கும், இந்த நாட்டில் இதில் யார் படுப்பார்கள் என்று.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. மாப்பிள்ளை வீட்டிலிருந்து இனிப்புப் பெட்டி வந்தது. மேல் அடுக்கு முந்திரி, கீழ் அடுக்கு மைசூர்பாகு என்கிற பெயரில் செங்கல். கலா எண்ணெய் தேய்த்துக் குளிக்க மாட்டேன் என்றாள். அவளுக்கும் அவள் அம்மாவுக்கும் குளியலறை வாசலில் குசுகுசுப்பு. பண்டிகை நாளிலும் பெண்களுக்கு ரகசியம் தீராது.

அக்டோபர் 24, வெள்ளி

ஆணையர் என்னிடம் அறிக்கை கேட்டார். "நீங்க எழுதிக் குடுத்தா சீல் வெக்கறன். எழுத்து வேணும்" என்றார். ஜெசிந்தா கடைக்குப் போனேன். இன்றைக்கு விளையாட்டில்லை என்ற முகத்தோடு போனேன்.

சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் உரிமம். தங்கும் விடுதி, படுக்கை ஒன்று. அதற்குக் கீழே சாமந்தி மாலை வேறு.

"ஒரு பொம்பளைக்கு வயிறு வெந்து கெடக்குதம்மா. மெஷின நிறுத்து."

"அவங்க நேரத்துக்கு மேல படுத்துட்டாங்க சார். சீக்கிரம் குணமாகணும்னு அவசரம். நான் சொல்லிச் சொல்லித்தான் விடறேன்."

"புகார் வந்தா உள்ள போயிருவ."

ஜெசிந்தா கோபப்படவில்லை. எனக்கு நாற்காலியை நகர்த்திப் போட்டார்.

"புகார் வராதுங்க சார். இங்க வர்றவங்க யாரும் வெளிய சொல்ல மாட்டாங்க. நீங்க குடுத்தது சுவத்துல இருக்குது. எனக்கு நெசமான லைசென்ஸ் அதுதான்."

"நான் எழுதுவேன்."

"எழுதுங்க. யார் யார் வந்தாங்கன்னு விசாரிப்பாங்க இல்லீங்களா? உங்க பொண்ணு நித்யகலா பேரும் வரும்."

வெளியே லாரி ஹாரன்.

"நல்ல பொண்ணுங்க. அப்பாவே பாத்துக் கையெழுத்துப் போட்டதுன்னு நம்பிக்கையா வந்துச்சு. நவம்பருக்குள்ள சரி பண்ணிக் குடுங்க அக்கான்னு கேட்டுச்சு. நான் மெரட்டறேன்னு நெனச்சுக்காதீங்க. எனக்கும் ரெண்டு பொண்ணு இருக்குது."

அந்தப் பெண்களையும் அதில் படுக்க வைத்தாயா என்று கேட்டிருக்க வேண்டும். இப்போதுதான் தோன்றுகிறது. அங்கே எழுந்து வந்துவிட்டேன்.

வீட்டில் கலா இன்னும் வரவில்லை. தெய்வானை கற்றாழையைச் சீவிக்கொண்டிருந்தாள்.

"உனக்குத் தெரியுமா?"

"மொதல் நாளு நாந்தான் கூடப் போனேன்."

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"உங்ககிட்ட எதைங்க சொல்றது? எதைச் சொன்னாலும் ஒரு நக்கலு. அவ கழுத்துல அது வந்த அன்னிக்கு நீங்க என்ன சொன்னீங்க, நெனப்பிருக்குதா?"

நினைவில்லை என்றேன். கத்தியைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

கலா வந்ததும் துப்பட்டாவை எடுக்கச் சொன்னேன். பின்கழுத்து முழுவதும் வெந்து, நீர் கோத்து, ஓரத்தில் காய்ந்த பொருக்கு. அதைச் சுற்றி அடுப்புக்கரி நிறத்தில் தோல். காறை எலும்பின் மேல் இருந்த காசு அளவு இப்போது அறைக்கு அந்தப் பக்கத்திலிருந்தே தெரிகிறது.

அக்டோபர் 27, திங்கள்

அறிக்கை எழுதவில்லை. மழை.

அக்டோபர் 29, புதன்

வார்டு ஏழில் டெங்கு. புகை மருந்து அடித்தோம். புகைக்குள் குழந்தைகள் ஓடி விளையாடுகின்றன, தாய்மார்கள் செல்போனில் படம் எடுக்கிறார்கள். அறிக்கை எழுதவில்லை, கணினியில் ஏதோ பழுது.

அக்டோபர் 31, வெள்ளி

மருத்துவர் இரண்டு முறை போன் செய்தார். எடுக்கவில்லை. ஆணையர் கேட்டதற்கு ஆதாரம் திரட்டுவதாகச் சொன்னேன். தையல்காரர் கல்யாண ரவிக்கைக்கு அளவு கேட்டார். கழுத்து எவ்வளவு உயரம் என்று கேட்டதற்கு, முடிந்த மட்டும் என்றேன். "சட்டைக் காலராட்ட ஆயிருமுங்க" என்று சிரித்தார். கத்தரிக்கோல் பிடிப்பவனுக்கெல்லாம் கருத்து இருக்கிறது.

நவம்பர் 3, திங்கள்

கலா இப்போது மருத்துவர் ஃபாத்திமாவிடம் போய்க் களிம்பு வாங்கிப் போடுகிறாள். இன்று அங்கே ஒரு பையனைப் பார்த்தாளாம். பாலிடெக்னிக் முதல் வருடம், பதினேழு வயது, உதட்டோரத்தில் வெண்புள்ளி. இமையிலும் படட்டும் என்று கண் கிண்ணத்தைக் கழற்றிவிட்டுப் படுத்திருக்கிறான். கண்ணைத் திறக்க முடியவில்லை. அவன் அம்மா வராந்தாவில் உட்கார்ந்து, வெல்டிங் வேலை பார்த்தான் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் கேட்டாள்.

"உங்க ரிப்போர்ட் எங்கீங்கப்பா?"

"எழுதிட்டிருக்கறன்."

"மேடம் சொன்னாங்க, பத்து நாளா ரிப்போர்ட் வரலேன்னு கமிஷனர் சொல்றாங்களாமா. அந்தப் பையன் போனது முந்தாநேத்து."

"ஞாயித்துக்கெழமை உப்பு சர்க்கரை. அது முடியட்டும் கண்ணு. அப்புறம் எழுதிக்கலாம்."

"அதுக்குள்ள இன்னும் யார் யாரு போவாங்க?"

"போறவங்களுக்குப் புத்தி எங்க போச்சு? காசு குடுத்து வெந்துட்டு வர்ற கழுதைகளுக்கெல்லாம் நான்..."

நிறுத்தினேன். தெய்வானை கரண்டியைக் குழம்பிலேயே விட்டுவிட்டாள். கலா கோபப்படவில்லை. தண்ணீர் குடித்தாள்.

"அந்தக் கழுதைல ஒண்ணு புகார் குடுக்குமுங்கப்பா. உங்களுக்கு எழுத்துத்தான வேணும்?"

"ஊரே பேசும். பெருந்துறைக்குப் போய்ச் சேர அரை நாளாகாது."

"அவருக்கு நானே சொல்லிர்றேன். எப்படியும் நான் போர்த்திக்கிட்டே குடித்தனம் பண்ண முடியாதுங்க."

இன்னும் இரண்டு பேச்சு பேசினேன். அவற்றை எழுத வேண்டியதில்லை.

நவம்பர் 5, புதன்

புகார் காலையிலேயே ஆணையர் மேசைக்குப் போய்விட்டது. சொந்தப் பெயர், சொந்த முகவரி, தந்தை பெயர், தந்தை பதவி. 'எனக்கு வெண்புள்ளி உள்ளது' என்று முதல் வரி. எழுத்து அழகாக இருந்தது. ஆணையர் என்னைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

"உங்க ரிப்போர்ட்?"

அங்கேயே நின்றபடி எழுதினேன்.

சீல் வைப்பதற்கு எந்தச் சட்டப் பிரிவு என்று ஆலோசனை நடந்தது. உடம்பைச் சுட்டதற்கு ஒரு பிரிவும் கிடைக்கவில்லை. மோகனசுந்தரம்தான் கண்டுபிடித்தார். உரிமம் தங்கும் விடுதிக்கு. அங்கே யாரும் தங்கவில்லை. வருகிறவர்கள் கொஞ்ச நேரத்தில் எழுந்து போய்விடுகிறார்கள். விருந்தினர் விவரமும் காவல் நிலையத்துக்குப் போகவில்லை. உரிம நிபந்தனை மீறல். மோகனசுந்தரத்தின் முகத்தில் அப்படியொரு பெருமை, அந்த உரிமத்தைப் போட்டவரே அவர்தான் என்பது அவருக்கு நினைவே இல்லை.

ஆக, ஆட்களை வேக வைத்ததற்காக அல்ல, யாரையும் ராத்திரி தங்க வைக்காததற்காக மூடினோம். அரக்கு காய்கிறவரை ஜெசிந்தா பக்கத்தில் நின்று பார்த்தார். மாலையை மட்டும் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.

நவம்பர் 7, வெள்ளி

கலா புதன்கிழமையே ஹரிபிரசாத்திடம் போனில் சொல்லிவிட்டாள். "எனக்கு ஒண்ணும் பிரச்சனை இல்ல, வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன்" என்றானாம். முப்பது வயது. ஏற்றுமதிக் கம்பெனியில் அமெரிக்காக்காரனோடு பேரம் பேசுகிறவன்.

இன்று அவர்கள் பக்கத்து உறவுக்காரர் ஒருவர் என்னைக் கூப்பிட்டார். "ஒண்ணுமில்லீங்க, ஜாதகத்த இன்னொருக்கா பாத்ததுல ஒரு சின்னத் தடங்கலு." எந்தக் கிரகம் என்று கேட்டேன். விசாரித்துச் சொல்வதாகச் சொன்னார். கடைசியில், அத்தை கேட்கச் சொன்னதாக, "அது ஒட்டுமுங்களா? அன்னிக்குக் காப்பி டம்ளரு அந்தப் பொண்ணு கையிலதான் வாங்கிக் குடிச்சாங்களாமா" என்றார்.

ஒட்டாது என்று சொன்னேன். புத்தியும்தான் ஒட்டுவதில்லை, எத்தனை பேரோடு பழகினாலும், என்றும் சொன்னேன். வைத்துவிட்டார். தெய்வானை உள்ளே அழுதுகொண்டிருந்தாள். கலா அவளுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள்.

நவம்பர் 9, ஞாயிறு

மோட்டார் ஆள் வால்வோடு வந்தான். ஒரு மாதம் கழித்து வந்து, அவசரமா என்று கேட்கிறான்.

நவம்பர் 12, புதன்

அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. வரிப் பிரிவு அம்மாள் பப்பாளிச் சாறு சொன்னார். டிரைவர் ஒரு கோயிலைச் சொன்னார். கவுன்சிலர் தோளில் கைபோட்டு, "மனசத் தேத்திக்குங்க" என்றார், என் மகள் செத்துவிட்ட மாதிரி. மூன்று பேருக்கும் ஒரே பதில் வைத்திருந்தேன். அதை இங்கே எழுதினால் காகிதம் கூசும்.

மல்லிகேஸ்வரி கலாவைத் தேடி வீட்டுக்கு வந்தாள். இருவரும் அறையில் பேசினார்கள். போகும்போது என்னைப் பார்த்துக் கும்பிட்டாள். எதற்கென்று தெரியவில்லை.

நவம்பர் 20, வியாழன்

சீல் வைத்தது முன் வாசலுக்கு. பின் வாசல் ஒன்று இருப்பதை, கழிப்பறை உண்டு என்று எழுதிய நாளிலேயே பார்த்திருந்தேன். அரக்கு வைக்கிற அன்றைக்கு அது யாருக்கும் ஞாபகம் வரவில்லை. அந்த வழியாகப் பெட்டி போய்விட்டது. இங்கிருந்து அரை மணிப் பயணத்தில் வேலம்பட்டி. அங்கே ஜெசிந்தாவின் தம்பி கடை திறக்கிறான், பேரூராட்சிக்கு மனு போயிருக்கிறது. கலாவுக்கு மல்லிகேஸ்வரி சொல்லித்தான் தெரியும். மில்லில் துண்டுத் தாள் கொடுத்திருக்கிறார்களாம்.

ஆணையரிடம் சொன்னேன். "அது நம்ம எல்லை இல்லீங்களே" என்றார். நல்ல பெண்மணி. எல்லை தெரிந்தவர்.

நவம்பர் 24, திங்கள்

விடுப்பு போட்டுவிட்டு வேலம்பட்டிக்குப் புறப்பட்டேன். கலாவும் வருகிறேன் என்றாள். "நீ எதுக்கு, நானே பேசிக்கிறன்" என்றேன். பதில் சொல்லாமல் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு வண்டியில் பின்னால் உட்கார்ந்துவிட்டாள். துப்பட்டா போடவில்லை என்பதை வழியில், கண்ணாடியில்தான் கவனித்தேன். சட்டம் கிடைக்காத ஊரில் இவளை வைத்து என்ன பேசுவது என்று யோசித்தபடியே ஓட்டினேன்.

பேரூராட்சி அலுவலகத்தில் ஆய்வாளர் இளம்வயது. பெயர் யுகேந்திரன். வேலைக்கு வந்து இரண்டு வருடம் ஆகியிருக்கலாம். மேசை சுத்தமாக இருந்தது. என்னை 'அண்ணா' என்று கூப்பிட்டார், டீ சொன்னார். கலாவை ஏதோ சான்றிதழுக்கு வந்தவள் என்று நினைத்து ஓரத்து நாற்காலியைக் காட்டினார். நான் அந்த மனுவைப் பற்றிக் கேட்டதும் கண் மின்னிற்று. கோப்பை எடுத்து மேசைமேல் போட்டார்.

"அண்ணா, இதப் பாருங்களேன். வெள்ளிக்கெழமைதான் போய்ப் பாத்துட்டு வந்தன். ஒரு டப்பாங்க. அதுக்குள்ள படுத்தா கறுப்பாயிருவமாம். நாம ஏற்கெனவே கரிக்கட்டைங்க, இதுல படுத்து எங்கீங்க போறது?"

சிரித்தார். வாய் நிறையச் சிரிப்பு. பக்கத்து மேசைக்காரரும் சேர்ந்துகொண்டார். கறுப்பாவதற்கு வருகிறவர்களுக்கு பேரூராட்சிச் செலவில் தாரே பூசிவிடலாம் என்றார் ஒருவர். தார் ரோட்டுக்கே பத்தவில்லை என்றார் இன்னொருவர். கோப்பில் ஆய்வாளரின் குறிப்பு தயாராக இருந்தது. கையெழுத்து மட்டும் பாக்கி. பேனா மூடி திறந்திருந்தது.

வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததை எடுக்கப் பார்த்தேன். கதிர், அளவு, பதினெட்டு வயது, வெளிநாட்டுச் சட்டம். அந்த ஆளுக்கு என்ன சொன்னாலும் ஏறாது என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரிகிற அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது.

கலா எழுந்து மேசைக்குப் பக்கத்தில் வந்தாள். பின்னலை முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டு, அவருக்கு முதுகு காட்டித் திரும்பி நின்றாள். இளஞ்சிவப்பாகச் சுருங்கிக் காய்ந்த தோல், பாதி வெள்ளை, சுற்றிலும் கறுப்பு.

"நான் அதுலதான் சார் படுத்தேன்" என்றாள். "எனக்கு வெண்புள்ளி. உங்க ஊர்லயும் இருப்பாங்க. அவங்கதான் வருவாங்க, வந்துட்டு வெளிய சொல்ல மாட்டாங்க. அங்க ஒரு ஆபீசர் சிரிச்சுக்கிட்டே கையெழுத்துப் போட்டாருங்க."

யார் அந்த ஆபீசர் என்று அவள் சொல்லவில்லை. யுகேந்திரன் என்னைப் பார்த்தார், பிறகு அவள் கழுத்தைப் பார்த்தார். பக்கத்து மேசைகளில் ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தினார்கள். டீ வந்தது, யாரும் எடுக்கவில்லை.

"அந்த ஆபீசர் நாந்தானுங்க" என்றேன்.

அவர் பேனாவை மூடிவிட்டு, கலாவுக்குத் தன் நாற்காலியை நகர்த்தினார். "உக்காருங்க. மொதல்ல இருந்து சொல்லுங்க" என்றார். அவள் உட்கார்ந்து சொல்லத் தொடங்கினாள். நான் ஓரத்து நாற்காலிக்குப் போனேன்.